பிரசவ வார்டு கதவுக்கு இந்தப் பக்கம்: டூலா வேலை பழக நினைப்பவர்களுக்கு

டூலா என்றால் மருத்துவச்சி இல்லை, நர்ஸும் இல்லை. பிள்ளை பெறுகிறவளோடு கடைசிவரை கூடவே இருக்கிற ஆள். ஊசி போடுவது, உள்ளே சோதித்துப் பார்ப்பது, மருந்து சொல்வது எதுவும் நம் வேலையில் சேராது. நான் எழுதப் போவது தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிற வீடுகளைப் பற்றியும் இல்லை. திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளைகளில் தங்கி வேலை பார்க்கும் குடும்பங்களுக்குத் துணையாகப் போய் நான் கற்றுக்கொண்டதுதான் இது.

பயிற்சி

இந்தியாவில் டூலாவுக்கென்று அரசு உரிமம் எதுவும் கிடையாது. 1992-ல் அமெரிக்காவில் தொடங்கிய டோனா போன்ற அமைப்புகள் சான்றிதழ் தருகின்றன. நான் ஆன்லைனில் ஒன்று முடித்தேன், நல்ல பயிற்சிதான். ஆனால் அதில் காட்டிய பிரசவ அறையில் மங்கலான விளக்கு, மெல்லிய பாட்டு, உட்கார்ந்து ஆட ஒரு பெரிய பந்து. நம் வார்டில் டியூப் லைட், கைக்கெட்டும் தூரத்தில் அடுத்த கட்டில். சான்றிதழுக்குச் செலவழிக்கும் முன், உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரைப் போய்ப் பாருங்கள். எந்த வீட்டில் எத்தனை மாதம் என்பது அவர் நோட்டில் இருக்கும். அவர் அறிமுகம் இல்லாமல் சூளைக்குள் போனால் மேஸ்திரி வாசலிலேயே நிறுத்திவிடுவார்.

நான் சறுக்கிய இடம்

முதல் பிரசவம். ராத்திரி பதினொன்றரைக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். பெயர் வேண்டாம்.

"நீங்க யாரு? சொந்தமா?"

"இல்ல சிஸ்டர், டூலா."

"என்ன லா?"

கதவு சாத்தியாயிற்று. தப்பு அவர்கள் மேல் இல்லை. அரசு மருத்துவமனையில் பிரசவத் துணையாக ஒருவரை அனுமதிக்கலாம் என்று மத்திய சுகாதாரத் துறை 2016-ல் வழிகாட்டுதல் கொடுத்தது. ஆனால் துணை என்று அதில் சொல்லியிருப்பது பெண் உறவினரை, முடிந்தால் பிள்ளை பெற்ற அனுபவமுள்ளவரை. நான் சொந்தக்காரி இல்லை. உள்ளே போனது அந்தப் பெண்ணின் சித்தி. அவருக்கு நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லித் தந்திருக்கவில்லை. விடியும் வரை நான் வெளி பெஞ்சில், அவர் உள்ளே சுவரோரம் கை கட்டிக்கொண்டு. காலையில் அவரே சொன்னார்: "என்ன செய்யணும்னு தெரியலம்மா, சாமிய கும்பிட்டுக்கிட்டே நின்னேன்."

அன்றிலிருந்து என் வேலையே மாறிப்போனது. இப்போது நான் டூலாவாகப் போவதில்லை, வீட்டிலிருந்து ஒருத்தியை டூலாவாக்கி உள்ளே அனுப்புகிறேன்.

யாரை அனுப்புவது

ஏழாம் மாதத்திலேயே முடிவு செய்யுங்கள். வீட்டில் அதிகம் பேசுகிறவர் வேண்டாம். பெரும்பாலும் மாமியார்தான் தானே கிளம்புவார். சண்டை போடாதீர்கள். "நீங்க வெளிய இருந்தாத்தான் ரத்தம், மருந்துன்னு ஓட ஆள் இருக்கும்" என்றால் கேட்டுக்கொள்வார். இருமல், காய்ச்சல் உள்ளவரைத் தவிர்க்கவும். ரத்தம் பார்த்தால் மயங்குவாரா என்று நேராகவே கேட்டுவிடுங்கள். எனக்கு நன்றாக அமைந்தது பெரும்பாலும் அக்காவோ அண்ணியோதான்.

சொல்லித் தர வேண்டியது

முதலில் கை. வலி வரும்போது உள்ளங்கையின் அடிப்பகுதியை முதுகின் கீழே வைத்து அழுத்த வேண்டும். இங்கே ஒரு சிக்கல். "இடுப்புல அழுத்து" என்றால் எல்லோரும் பாவாடை நாடா கட்டுகிற இடத்தில் அழுத்துகிறார்கள். அங்கே அழுத்தினால் வலி குறையாது, எரிச்சல்தான் வரும். நாடாவுக்கு நாலு விரல் கீழே, புட்டத்துக்கு மேலே முக்கோணமாக ஒரு எலும்பு தட்டுப்படும், அங்கேதான். தேய்க்கக் கூடாது, உடம்பின் பாரத்தைச் சாய்த்து அழுத்தி, வலி விடும்வரை அப்படியே பிடிக்க வேண்டும். நான் அந்த அக்காவை என் மேலேயே அழுத்தச் சொல்லிப் பார்ப்பேன். பச்சைச் செங்கல் தூக்கிப் பழகிய கை, நமக்குத்தான் கண்ணில் நீர் வரும்.

அடுத்து நேரம். ஒரு வலி ஆரம்பித்ததிலிருந்து அடுத்த வலி ஆரம்பிக்கும்வரை எண்ண வேண்டும். வலி விட்டதிலிருந்து எண்ணினால் கணக்கு தப்பும். நானே அப்படி எண்ணி, சூட்டு வலிக்கு (பிரசவ வலி போலத் தோன்றும் பொய் வலி) ஒரு பெண்ணை அழைத்துப்போய்த் திரும்பியிருக்கிறேன். தலைச்சன் பிள்ளைக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், ஒரு மணி நேரமாக அப்படியே என்றால் கிளம்பலாம். சூளையிலிருந்து ரோடு தூரம் என்றால் அதுவரை காத்திருக்காதீர்கள். பனிக்குடம் உடைந்தாலும் உடனே கிளம்ப வேண்டியதுதான்.

பேச்சில் ஒரே விதி: "கத்தாத" என்று சொல்லக் கூடாது. அதை உள்ளே வேறு யாராவது சொல்வார்கள். நம் ஆள் சொல்ல வேண்டியது "சூடா டீய ஊதுற மாதிரி ஊது". மூச்சுப் பயிற்சிக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

இதெல்லாம் சும்மா ஆறுதலுக்கு என்று நினைப்பவர்களுக்கு: காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2017-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களைக் கணக்கில் எடுத்தது. தொடர்ந்து கூட ஆள் இருந்தவர்களுக்கு சிசேரியன் குறைவாக இருந்தது.

பை

செயலிகளை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ராத்திரி இரண்டு மணிக்குப் போனில் சார்ஜ் இருக்காது. நாற்பது பக்க நோட்டும் பேனாவும் போதும். ஃபிளாஸ்க், பழைய நூல் புடவை இரண்டு, முன்பக்கம் திறக்கிற நைட்டி, தலைமுடி கட்ட ரப்பர் பேண்ட். வாசனைத் தைலம் வேண்டாம், பக்கத்துக் கட்டில் பெண்ணுக்குக் குமட்டும்.

பிக்மி எண் (கர்ப்பத்தை அரசிடம் பதியும்போது தரும் எண்) உள்ள தாய் சேய் அட்டையை மறக்காதீர்கள். சூளைக்கு வருகிறவர்கள் அதைச் சொந்த ஊரில் பெட்டிக்குள் பூட்டிவிட்டு வந்திருப்பார்கள். எட்டாம் மாதத்திலேயே ஊருக்குப் போன் போட்டு எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லிவிடுங்கள். பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போதும் அந்த எண்ணைக் கேட்பார்கள்.

108-ஐ எப்போது கூப்பிடுவது

ரத்தப்போக்கு, தாங்காத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குவது, குழந்தை அசைவு குறைவது, பனிக்குட நீர் பச்சையாக வருவது. இதில் ஒன்று இருந்தாலும் வலியை எண்ணிக்கொண்டு உட்காரக் கூடாது. "வீட்டிலேயே பாத்துக்கலாம், நீங்கதான் இருக்கீங்களே" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே மறுத்துவிடுங்கள். 2018-ல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டில் பிரசவம் பார்க்கப்போய் ஒரு பெண் இறந்தது நினைவிருக்கும்.

பிறகு சேர்த்தது

கணவர் உள்ளே போகலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். மறைப்பு வசதி உள்ள பிரசவ அறையில் அனுமதிக்கலாம் என்றுதான் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. நான் போகிற இடங்களில் கட்டிலுக்குக் கட்டில் திரை இல்லை, அதனால் விடுவதில்லை.

இன்னொருவர் ஆஸ்பத்திரியில் பணம் கேட்கிறார்களே என்று எழுதியிருந்தார். அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன் உட்பட, 2011 முதல் மத்திய அரசுத் திட்டத்தில் முற்றிலும் இலவசம். இதைக் குடும்பத்துக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வாசலில் நின்று சொன்னால் பயத்தில் காதில் ஏறாது.

மூன்றாவது, சேனை. பிறந்ததும் சர்க்கரைத் தண்ணி தொட்டு வைக்க ஒரு பாட்டி தயாராக வந்து நின்றார். யார் தொட்டு வைக்கிறார்களோ அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. முதல் ஒரு மணி நேரத்தில் சீம்பால்தான் போக வேண்டும். நான் வாதாடவில்லை. "உங்க குணம் வரணும்னா நீங்களே பிள்ளைய எடுத்து மார்புல போடுங்க பாட்டி" என்றேன். கொஞ்சம் யோசித்தார். டம்ளரை ஜன்னல் மேல் வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்தார்.