கோபோல் டீமில் போட்டுவிட்டார்களா? முதலில் பைட்டைப் பழகுங்கள்

பெங்களூருக்கு வேலைக்கு வந்து, எலெக்ட்ரானிக் சிட்டியிலோ மான்யதாவிலோ மெயின்ஃபிரேம் (வங்கிகள் போன்றவை பயன்படுத்தும் பெரிய கணினி) டீமில் போட்டதும் நம் பிள்ளைகள் பலர் முகம் வாடிப்போகிறார்கள். வாட வேண்டாம். 1959-இல் பிறந்த கோபோல் என்ற புரோகிராமிங் மொழி வங்கிக் கணக்குகளில் இன்றும் ஓடக் காரணம் உண்டு: பைசாவைத் தசம எண்ணாகவே வைத்துக் கணக்கிடும். மற்ற மொழிகளின் சாதாரண ஃப்ளோட்டில் (எண்ணை இருமத்தில் தோராயமாக வைக்கும் முறை) 0.1-உம் 0.2-உம் கூட்டினால் துல்லியமாக 0.3 வராது. இங்கே வரும்.

உபுண்டு லினக்ஸில் க்னூகோபோல் என்ற கம்பைலர் (புரோகிராமை ஓடும் ஃபைலாக மாற்றுவது) இலவசம். அறையில் இரவு ஒரு மணி நேரம் போதும். கம்பைல் செய்யும்போது மைனஸ் எக்ஸ் (-x) கொடுத்தால் நேரே ஓடும் ஃபைல் கிடைக்கும். கூடவே மைனஸ் டீபக் (-debug) கட்டாயம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் பல தப்புகளைச் சொல்லாமலே ஓடிவிடும்.

பழைய புரோகிராம்களில் இடம்தான் இலக்கணம். ஒவ்வொரு வரியிலும் முதல் 6 எழுத்திடம் (column) வரிசை எண்ணுக்கு. 7-ஆம் இடத்தில் நட்சத்திரம் வைத்தால் அந்த வரி கமென்ட், ஓடாது. பாராகிராஃப் பெயர் 8-இலிருந்து 11-க்குள் தொடங்க வேண்டும், கட்டளைகள் 12-இலிருந்து 72-க்குள். இஃப்பை முடிக்கும் புள்ளி 73-இல் விழுந்தால் உங்கள் கண்ணுக்குத் தெரியும், கம்பைலருக்குத் தெரியாது. அடுத்த கட்டளைகளையும் அந்த இஃப் விழுங்கிவிடும். எண்ட்-இஃப் எழுதிப் பழகுங்கள்.

நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் காம்ப்-3 (COMP-3), ஒரு பைட்டில் இரண்டு இலக்கம் அடைக்கும் முறை. எஸ்9(7)வி99 என்றால் புள்ளிக்கு முன் 7, பின் 2 என 9 இலக்கம், எஸ்ஸுக்கு ஒரு குறி (கூட்டலா கழித்தலா என்பது). ஆளுக்கு அரை பைட், மொத்தம் 5 பைட். 1,234.56 ரூபாய் உள்ளே 00 01 23 45 6சி என்று இருக்கும். கடைசி சி கூட்டல் குறி. டி வந்தால் கழித்தல். தசமப் புள்ளி எங்கும் எழுதப்படாது. அந்த 5 பைட்டில் வெற்றிடம் வந்து உட்கார்ந்தால் மெயின்ஃபிரேமில் 40 40 40 40 40 ஆகும் (அங்கே வெற்றிட எழுத்தின் ஹெக்ஸ் குறியீடு 40). கடைசி 0 குறியே இல்லை. கூட்டப்போன இடத்தில் எஸ்0சி7 (S0C7, எண் இருக்க வேண்டிய இடத்தில் தப்பான தரவு) என்று ஜாப் நின்றுவிடும்.

உடனே லாஜிக்கைக் குடையாதீர்கள். டம்ப்பில் (ஜாப் நின்றபோது நினைவகத்தில் இருந்ததன் பிரதி) அந்த ஃபீல்டின் பைட்டுகளைப் பாருங்கள். எல்லாம் 40 என்றால், யாரும் மதிப்புப் போடாத ஃபீல்ட். பக்கத்து ஃபீல்டின் எழுத்துகள் கலந்திருந்தால் காப்பிபுக்கும் (ரெக்கார்டின் அமைப்பைச் சொல்லும் கோபோல் ஃபைல்) தரவு ஃபைலும் ஒத்துப்போகவில்லை. ரெக்கார்டு நீளத்தை எண்ணிச் சரிபாருங்கள். வெளியிலிருந்து வரும் ஃபைலுக்கு, கூட்டுமுன் நியூமரிக் சோதனை (உள்ளே இருப்பது எண்தானா என்று பார்ப்பது) வையுங்கள்.

இதைவிட மோசமானது சத்தமில்லாத தப்பு: 4 இலக்கம் மட்டும் கொள்ளும் 9(4)-க்குள் 12345-ஐ மூவ் செய்தால் (நகலெடுத்தால்) 2345 தான் மிஞ்சும், ஜாப் பச்சையாகவே முடியும். கணக்கீடுகளில் ஆன் சைஸ் எரர் (விடை இடத்தில் அடங்காவிட்டால் என்ன செய்வது என்று சொல்லும் பகுதி) போடுங்கள். மூவுக்கு அந்த வசதி இல்லை, இரண்டு பக்க நீளத்தையும் நீங்கள்தான் பார்க்க வேண்டும்.