டொமைன் பெயர் உங்கள் கையிலேயே இருக்கட்டும்: பதிவு செய்யும் முறை

பவானியில் என் மாமாவுக்கு ஜமக்காளத் தறி இருக்கிறது. நாலு வருடத்துக்கு முன் அவருக்கு வெப்சைட் போட்டுக் கொடுத்தவர், டொமைனைத் தன் கணக்கிலேயே பதிந்துவிட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயிலெல்லாம் அவருக்கே போயிற்று. அவர் போனை எடுப்பதையும் நிறுத்திவிட, பெயர் கைவிட்டுப் போனது. பில் புக், துணிப்பை, விசிட்டிங் கார்டு எல்லாவற்றிலும் அச்சடித்த பெயர் அது. இந்த முறை நானும் மாமாவும் உட்கார்ந்து நாங்களே பதிந்தோம். அதே வரிசையில் சொல்கிறேன்.

டொமைன் என்பது வெப்சைட்டின் முகவரி. வெப்சைட்டின் கோப்புகள் இருக்கும் இடம் ஹோஸ்டிங். இரண்டையும் ஒரே இடத்தில் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை.

முதல் வேலை பெயர் தேடுவது. இதற்கு இரண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை. தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதும்போதுதான் சிக்கல். ஜமக்காளத்தில் எம்முக்கு அப்புறம் ஏ வருமா, யூ வருமா? பலர் ஜமுக்காளம் என்றுதானே சொல்கிறார்கள்? கே ஒன்றா, இரண்டா? மாமா ஈரோட்டு ஜவுளிக் கடைக்காரர், லாரி புக்கிங் ஆபீஸ், கோயம்புத்தூரில் இருக்கும் தங்கை என மூன்று பேருக்குப் போன் போட்டு, கேட்டபடி எழுதி அனுப்பச் சொன்னார். மூன்றும் மூன்று விதமாக வந்தன.

“என்ன கண்ணு, நம்ம தொழில் பேர்லயே இத்தனை சிக்கலா?”

“அந்தச் சொல் வேண்டாமுங்க மாமா. கடைப் பேரோட லூம்ஸ் சேர்த்துக்கலாமுங்க.”

மறுபடி போன் போட்டோம். மூன்று பேரும் ஒரே மாதிரி எழுதினார்கள். அதையே எடுத்தோம். நீங்களும் இப்படிச் சோதித்துப் பாருங்கள். இரண்டு விதமாக எழுதப்படும் பெயரை விடவே மனமில்லை என்றால், இரண்டையும் பதிந்து ஒன்றை மற்றதற்குத் திருப்பிவிடலாம்.

ஆங்கிலப் பெயரில் எழுத்து, எண், நடுவில் சிறுகோடு வரலாம். புள்ளிக்கு முன்னால் 63 எழுத்துக்கு மேல் போகாது. கோட்டையும் எண்ணையும் தவிர்ப்பதே நல்லது. போனில் சொல்லிப் புரிய வைப்பது கஷ்டம். இன்னொருவர் அதே பெயரில் டிரேட்மார்க் வைத்திருக்கிறாரா என்று அரசின் டிரேட்மார்க் தளத்தில் இலவசமாகத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

டாட் காம், டாட் இன் இரண்டில் ஒன்று போதும். முடிந்தால் இரண்டும். டாட் இன்னை நிர்வகிப்பது நிக்சி என்ற இந்திய அமைப்பு. டாட் இந்தியா என்று தமிழிலேயே முடியும் பெயரும் உண்டு.

சரி, இனி பதிவு. டொமைன் பதிந்து தரும் நிறுவனத்துக்கு ரெஜிஸ்ட்ரார் என்று பெயர். அப்படி ஒரு தளத்தில் கணக்கு தொடங்கிப் பெயரைத் தேடுங்கள். காலியாக இருந்தால் கார்ட்டில் போடுங்கள். அங்கே கூடுதல் சேவைகளுக்கு டிக் விழுந்திருந்தால் எடுத்துவிடுங்கள். முதல் வருட விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். இரண்டாம் வருடம் முதல் என்ன கட்டணம் என்று பாருங்கள். ஒரே தடவையில் அதிகபட்சம் 10 வருடத்துக்குப் பதியலாம்.

உரிமையாளர் பெயர், மெயில், போன் நம்பர் மூன்றும் உங்களுடையதாகவே இருக்க வேண்டும். வெப்சைட் செய்பவர் எவ்வளவு நெருங்கிய சொந்தமாக இருந்தாலும் சரி. அந்த டொமைனிலேயே உருவாக்கும் மெயிலை இங்கே கொடுக்காதீர்கள். டொமைன் நின்றால் அந்த மெயிலும் நின்றுவிடும். டாட் காம் என்றால் மெயிலைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு லிங்க் வரும். 15 நாளுக்குள் அழுத்தாவிட்டால் பெயரை முடக்கிவிடுவார்கள்.

பணம் கட்டியதும் டொமைன் லாக் (பெயரை வேறு நிறுவனத்துக்கு மாற்றவிடாத பூட்டு), இரட்டைச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீட்டையும் கேட்பது), தானியங்கிப் புதுப்பிப்பு மூன்றையும் போட்டுவிடுங்கள். கார்டு மாறினால் தானியங்கி வேலை செய்யாது. அதனால் மாமா தறிக் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில், நூல்காரருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கிக்கு மேலேயே, காலாவதி தேதியை எழுதி வைத்திருக்கிறார்.