புல் வளரும் முன் ஆட்டை இறக்காதீர்கள்: சீனக் கிராமத் திட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிச்சுவான், குய்சோ, யுன்னான் மலைக்கிராமங்களில் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் கால்நடைத் திட்டங்களுக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் ஆண்டுதோறும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். ரசீதைத் தொலைப்பது, அறிக்கையைத் தாமதமாக அனுப்புவது போன்றவற்றை அலுவலகமே திருத்திவிடும். ஆட்டையும் அதை வாங்கும் குடும்பத்தையும் கெடுக்கும் தவறுகளை மட்டும் இங்கே பார்க்கலாம்.

புல் இல்லாத வீட்டுக்கு ஆடு கொடுப்பது

இந்தத் திட்டங்களுக்கு முன்மாதிரி ஹைஃபர் இன்டர்நேஷனல் என்ற தொண்டு நிறுவனம்; அது 1944-ல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. அதன் முறை எளிது: ஒரு குடும்பத்துக்குக் கால்நடையும் பயிற்சியும் கிடைக்கும், அந்தக் குடும்பம் முதலில் பிறக்கும் பெட்டைக்குட்டியை இன்னொரு குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும். 1980களின் நடுவில் இதே முறையோடுதான் அது சிச்சுவானில் கால்வைத்தது. மலைக்கிராமங்களுக்கு நன்றாகப் பொருந்தும் முறை இது. ஆனால் முதல் வீட்டில் ஆடு தேறாவிட்டால் அடுத்த வீட்டுக்குக் கொடுக்க எதுவும் இருக்காது.

ஆடு தேறாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் நோய் அல்ல, நாள்காட்டி. ஆண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவழித்தாக வேண்டும் என்ற நெருக்கடியில் நவம்பரிலும் டிசம்பரிலும் ஆடு வாங்கிவிடுகிறார்கள். பயிற்சியை "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிவைக்கிறார்கள்.

டிசம்பரில் மலைமேல் 5 ஆடுகள் இறங்கும் வீட்டை நினைத்துப் பாருங்கள். கணவர் குவாங்தோங் தொழிற்சாலையில் இருக்கிறார். வீட்டில் மனைவியும் மாமியாரும்தான். அறுவடை முடிந்த மக்காச்சோளத்தட்டையில் பாதி அடுப்புக்குப் போய்விட்டது. மிச்சம் வெயிலிலும் மழையிலும் கிடந்து பூஞ்சணம் பிடித்திருக்கிறது. சமவெளியிலிருந்து லாரியில் வந்த களைப்போடு இருக்கும் ஆட்டுக்கு அதைத்தான் போட முடிகிறது. குளிருக்குப் பயந்து கொட்டகையைப் பிளாஸ்டிக் தாளால் இறுக்கி மூடுகிறார்கள். மூத்திரத்தின் அம்மோனியா உள்ளேயே தங்கி ஆட்டுக்கு இருமல் தொடங்குகிறது, பிறகு கழிச்சல், சினை ஆட்டுக்குக் கருச்சிதைவு. அந்த ஆண்டு பெட்டைக்குட்டி இல்லை. வரிசையில் காத்திருக்கும் அடுத்த குடும்பம் குழுக்கூட்டத்துக்கு வருவதை நிறுத்திக்கொள்கிறது. கடைசியில் "இந்த ஊர்க்காரர்களுக்கு ஆடு வளர்க்கத் தெரியவில்லை" என்று அறிக்கையில் எழுதப்படுகிறது. அநியாயமான வரி அது. ஆடு வளர்ப்பதில் அந்த வீட்டார் குறைவைக்கவில்லை, தேதியைத் தீர்மானித்தவர்கள்தான் குறைவைத்தார்கள்.

"மலையில் மேய்ந்து பிழைத்துக்கொள்ளும்" என்பதும் நடக்காது. 1999-ல் விளைநிலத்தைக் காடாக மாற்றும் அரசுத் திட்டம் தொடங்கிய பிறகு பல மாவட்டங்கள் திறந்தவெளி மேய்ச்சலைத் தடைசெய்துவிட்டன. வடமேற்கில் உள்ள நிங்சியா பகுதி 2003-ல் தன் எல்லை முழுவதிலும் தடைசெய்தது. இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பே மாவட்ட வனத்துறையிடம் மேய்ச்சல் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். தடை இருக்கும் ஊரில் ஆடு முழுக்க முழுக்கக் கொட்டில் தீவனத்தை நம்பித்தான் வாழ வேண்டும்.

ஆகவே தீவனக் கணக்கிலிருந்து தொடங்குங்கள். 25 முதல் 30 கிலோ எடையுள்ள பெட்டைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கிலோ உலர்பொருள் (நீரை நீக்கிய தீவன எடை) வேண்டும். நீர் அதிகமுள்ள ரைகிராஸ் என்ற தீவனப்புல்லாகக் கொடுத்தால் அது 5 முதல் 6 கிலோ. 5 ஆட்டுக்கு நாளுக்கு 30 கிலோ. 6 மாதத்துக்கு 5 டன்னைத் தாண்டும். அங்கே நிலத்தை 'மூ' கணக்கில் சொல்வார்கள். 1 மூ என்பது 667 சதுரமீட்டர், நம் கணக்கில் பதினாறரை சென்ட். உரமிட்ட நல்ல மண்ணில் 1 மூ அளவுக்குப் புல் போட்டால்தான் இந்தத் தேவையை எட்ட முடியும். உயரமான ஊர்களில் டிசம்பர், ஜனவரியில் புல் கிட்டத்தட்ட வளராது. அந்த இடைவெளியை ஊறுகாய்ப்புல்தான் (காற்றுப் புகாமல் குழியில் மூடிப் புளிக்கவைத்த பசுந்தீவனம்) நிரப்ப வேண்டும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

வேலை வரிசை இப்படி இருக்கட்டும். ஆகஸ்ட் கடைசியில் குடும்பங்களைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். மக்காச்சோளம் அறுத்ததும் தட்டை பச்சையாக இருக்கும்போதே 2 முதல் 3 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, குழியில் அடுக்கடுக்காக மிதித்து இறுக்கி, காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் தாள் போட்டு மூடுங்கள். ஒரு கைப்பிடியை இறுக்கிப் பிழிந்தால் உள்ளங்கை ஈரமாக வேண்டும், ஆனால் சொட்டக் கூடாது. 40 முதல் 45 நாளில் திறக்கலாம். ஆட்டுக்கு நாளுக்கு 2 கிலோ வீதம் 5 ஆட்டுக்கு 100 நாளைக்கு 1,000 கிலோ. 2 கனமீட்டர் குழி போதும். காடி வாசனை வந்தால் நல்லது. கறுத்தோ பூஞ்சணம் பூத்தோ இருக்கும் பகுதியை எடுத்து எறிந்துவிடுங்கள்; சினை ஆட்டுக்கு அது ஆபத்து.

செப்டம்பரில் மூவுக்கு 1 முதல் 1.5 கிலோ ரைகிராஸ் விதை தூவுங்கள். புல் 40 செ.மீ. உயர்ந்ததும் அடியில் 5 செ.மீ. விட்டு அறுங்கள், அதற்கும் கீழே அறுத்தால் மறுதாம்பு வராது. அறுத்த புல்லை அரைநாள் வாடவிட்டுப் போடுங்கள். பனி ஈரத்தோடு போட்டால் வயிறு உப்பும்.

கொட்டகை நம் ஊர்ப் பரண் கொட்டகை மாதிரிதான். தரையிலிருந்து 1 மீட்டருக்குக் குறையாமல் மூங்கில் பரண், பட்டிகளுக்கிடையே 1.5 முதல் 2 செ.மீ. இடைவெளி, ஒரு பெட்டைக்கு 1 முதல் 1.5 சதுரமீட்டர் இடம். கீழே விழும் புழுக்கையை வாரத்துக்கொரு முறை வாரினால் அம்மோனியா தொல்லை இல்லை. குளிர்காலத்தில் காற்று வரும் பக்கத்தை மட்டும் மறையுங்கள். கூரையை ஒட்டிய திறப்பை மூடவே கூடாது.

ஆடு மார்ச் கடைசியில் வரட்டும். அதற்குமுன் வீடு வீடாகப் போய்ப் புல் நிற்கிறதா, குழி மூடியிருக்கிறதா, பரண் பட்டி ஆடாமல் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்து வாங்குங்கள். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்த வீட்டுக்கு அந்த முறை ஆடு இல்லை. பணம் காலாவதியாகிவிடுமே என்றால் அதற்கும் வழி உண்டு. சீனாவில் பதிவுபெற்ற வெளிநாட்டு நிறுவனம் அடுத்த ஆண்டுக்கான செயல்திட்டத்தை டிசம்பர் 31-க்குள் மேற்பார்வைத் துறையிடம் கொடுத்தாக வேண்டும். மார்ச் கொள்முதலை அந்தத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். நன்கொடையாளரிடமும் அக்டோபரிலேயே சொல்லிவையுங்கள்.

இறங்கிய அன்றே அடர்தீவனம்

கூடாது. முதலில் 2 மணி நேரம் ஓய்வு, பிறகு சிறிது உப்புக் கலந்த வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் உலர்ந்த புல். அடர்தீவனத்தை ஒரு வாரம் கழித்துச் சிறுகச் சிறுகக் கூட்டுங்கள்.

தனிமைப்படுத்தாமல் மந்தையில் சேர்ப்பது

ஆட்டுக்கொல்லி நோய் 2007-ல் திபெத்தில் தலைகாட்டியது; 2013 கடைசியில் சின்ஜியாங்கில் வந்து அடுத்த ஆண்டே பல மாகாணங்களுக்குப் பரவியது. லாரியில் போன ஆடுகளோடுதான் அது பயணம் செய்தது. வேறு மாகாணத்திலிருந்து வரும் இனப்பெருக்க ஆட்டுக்கு 30 நாள் தனிக்கொட்டகை. புழுநீக்க மருந்தான ஐவர்மெக்டின் ஊசி கிலோ எடைக்கு 0.2 மி.கி., தோலுக்கு அடியில். சினையின் கடைசி 2 மாதத்தில் இருக்கும் ஆட்டை லாரியில் ஏற்றவே கூடாது.

ஆடு மேய்க்காதவருக்குப் பயிற்சி

கூட்டத்துக்கு வந்து கையெழுத்துப் போடுகிறவர் ஒருவர், தினமும் புல் அறுக்கிறவர் இன்னொருவர். புல் அறுக்கிறவர் வராத பயிற்சியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சிச்சுவானின் லியாங்ஷானில் யி இனத்து வயதான பெண்களுக்குப் புதோங்ஹுவா (சீனப் பொதுமொழி) படக்காட்சி பயன்படாது. யி மொழி பேசும் உள்ளூர்ப் பயிற்சியாளர், கொட்டகையிலேயே 2 மணி நேரம், ஒரு வேளைக்கு ஒரு வேலை: இன்றைக்குக் குளம்பு வெட்டுவது, அடுத்த முறை குட்டியின் தொப்புள்கொடிக்கு அயோடின் தடவுவது. நவம்பருக்கும் வசந்த விழாவுக்கும் (சீனப் புத்தாண்டு) இடையில் நடத்தினால் வயல்வேலை குறுக்கிடாது.

இது புதிய யோசனை அல்ல. கிராமக் கல்வியாளர் ஜேம்ஸ் யென் 1926 முதல் வட சீனாவின் டிங்சியான் மாவட்டத்தில் நடத்திய பணியில், கற்றுக்கொண்ட விவசாயி தன் நிலத்திலேயே செய்துகாட்டி அண்டைவீட்டாருக்குக் கற்றுக்கொடுத்தார். 1930களில் மருத்துவர் சென் சிச்சியான் அங்கே சுகாதார ஊழியர்களையும் அந்தந்த ஊரிலிருந்தே எடுத்தார். வெளியிலிருந்து வந்த நிபுணர் போன பிறகும் வேலை நின்றுவிடாததற்கு அதுவே காரணம்.

பதிவில்லாமல் களத்தில் இறங்குவது

2017 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, அலுவலகம் பதியாத வெளிநாட்டு நிறுவனம் சீனக் கூட்டாளி அமைப்பு மூலமே தற்காலிக வேலை செய்யலாம். அந்தக் கூட்டாளி 15 நாள் முன்னதாகப் பொதுப் பாதுகாப்புத் துறையில் பதிந்திருக்க வேண்டும்; அனுமதி அதிகபட்சம் 1 ஆண்டு. சீனாவுக்குள் நிதி திரட்டக் கூடாது.

சிவப்பு ரிப்பன் விழா

லாரி வந்த அன்றைக்கு வேண்டாம். ஆடு மிரளும்.

"குட்டி பிறந்ததும் கொடுப்பார்கள்" என்று விட்டுவிடுவது

ஒப்பந்தத்தில் எல்லாவற்றையும் எழுதுங்கள்: பெட்டைக்குட்டி, வயது 4 முதல் 6 மாதம், குறைந்தபட்ச எடை, குடற்புழு நீக்கம், கைமாறும் நாளுக்குக் குறைந்தது 3 வாரம் முன்பே ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி. தாய் ஆடு இறந்தால் இழப்பு யாருக்கு, இரண்டும் கிடாயாகப் பிறந்தால் அடுத்த ஈற்று வரை காத்திருப்பதா, கிடாயை விற்றுப் பெட்டை வாங்கித் தருவதா என்பதை ஆடு வரும் முன்பே குழு முடிவுசெய்யட்டும். சீனாவில் கால்நடையின் காதுவில்லை எண் 15 இலக்கம். ஆட்டுக்கு 3-ல் தொடங்கும். கைமாறும் அன்றைக்கு அந்த எண்ணைக் குழுப் பேரேட்டில் எழுதி, கொடுத்த வீடும் வாங்கிய வீடும் கையெழுத்திட வேண்டும்.