ஸ்பெயினுக்குக் குடிபோகும் இளம் பிரிட்டிஷ் குடும்பங்கள்: பென்ஷன்காரர் யோசனையும் அதில் விளையும் தவறுகளும்

ஸ்பெயினின் ஆலிகாண்டே கடற்கரை ஊர்களில் எந்தக் காபிக்கடைக்குப் போனாலும் பக்கத்து மேஜையில் ஒரு பிரிட்டிஷ்காரர் இருப்பார். அறுபதைத் தாண்டியவர், வந்து பல வருடம் ஆகியிருக்கும். கைக்குழந்தையும் பள்ளிக்கூடப் பிள்ளையுமாகப் புதிதாக வந்திறங்கிய தம்பதியைக் கண்டால் யோசனை சொல்லாமல் விடமாட்டார். நல்ல மனுஷர்தான். ஆனால் அவர் சொல்வதில் ஒரு பங்கு, பிரெக்ஸிட் இடைக்காலம் முடிந்த 2020 டிசம்பர் 31-ஓடு காலாவதியாகிவிட்டது. மிச்சமும் பென்ஷன் வாங்குகிறவருக்குத்தான் பொருந்தும். சம்பாதித்துப் பிள்ளை வளர்க்கப் போகிறவர்கள் அங்கே மாட்டிக்கொள்ளும் பல சிக்கல்களுக்கு மூலம் இந்த யோசனைகள்தான்.

"முதலில் வந்து சேருங்கள், பேப்பர் வேலையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தவரை அது சரி. இன்று விசா இல்லாமல் வருகிறவர் ஷெங்கன் நாடுகளில் (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகள்) எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாள்தான் இருக்க முடியும். வழியில் பிரான்ஸில் தங்கிய ஒரு வாரமும் அந்தக் கணக்கில் சேரும். முன்பெல்லாம் பாஸ்போர்ட்டைப் புரட்டி, முத்திரைகளைப் பார்த்து அதிகாரி கூட்டிக் கழிக்க வேண்டியிருந்தது. 2025 அக்டோபர் 12-இல் தொடங்கிய மின்னணு நுழைவுப் பதிவு முறையில் கணினியே நாளை எண்ணுகிறது. "யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள்" என்ற பேச்சு இனி எடுபடாது.

அடுத்த தவறு, பென்ஷன்காரர் எடுத்த விசாவையே தாங்களும் எடுப்பது. 'வேலை செய்யாமல் வாழ்பவர்' விசாவுக்கு அண்மைக் கணக்குப்படி குடும்பத் தலைவருக்கு மாதம் 2,400 யூரோ, கூட வரும் ஒவ்வொருவருக்கும் 600 யூரோ வருமானமோ சேமிப்போ காட்ட வேண்டும். நால்வர் குடும்பத்துக்கு வருடம் 50,400 யூரோ. பணம் இருந்தாலும், அந்த விசாவில் வேலை பார்க்கக் கூடாது. லண்டன் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே லேப்டாப்பில் வேலை பார்ப்பது வேலையில் சேராது என்று நினைத்து விண்ணப்பித்தால் காசும் மாதங்களும்தான் வீண். அப்படிப்பட்டவர்களுக்காகவே 2022-இன் ஸ்டார்ட்-அப் சட்டம் தொலைதூரப் பணியாளர் விசாவைக் கொண்டுவந்தது. அதன் வருமான வரம்பு ஸ்பெயினின் குறைந்தபட்சச் சம்பளத்தோடு கட்டப்பட்டது. வருடாவருடம் கூடுவதால், போன வருடம் போனவர் சொல்லும் தொகையை நம்பாமல் விண்ணப்பிக்கும் மாதத்தில் பாருங்கள்.

ஆவணத்தில் ஒரு சின்ன விஷயம் பலரைக் கவிழ்க்கிறது. இங்கிலாந்தில் பிறப்புச் சான்றிதழ் இரண்டு வகை. சுருக்கச் சான்றிதழில் பெற்றோர் பெயர் இருக்காது. ஸ்பெயினுக்கு வேண்டியது முழுச் சான்றிதழ். அதன்மேல் பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையின் அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானதுதான் என்று வெளிநாட்டுக்குத் தரும் சான்று), பிறகு ஸ்பெயின் அரசு அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பு. இந்த வரிசை மாறினால் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அப்போஸ்டில் தாளையும் சேர்த்துத்தான் மொழிபெயர்க்கக் கேட்பார்கள்.

பெயர்க் குழப்பம் தனிக் கதை. ஸ்பெயின்காரர்களுக்குக் குடும்பப் பெயர் இரண்டு: ஒன்று அப்பா வழி, ஒன்று அம்மா வழி. 'ஆலிவர் ஜேம்ஸ் கார்ட்டர்' என்று ஒரு பையன் வந்தால், கவுன்ட்டரில் இருப்பவர் 'ஜேம்ஸ்' என்பதை முதல் குடும்பப் பெயராகப் பதிந்துவிடலாம். நகராட்சியில் ஒரு பெயர், மருத்துவ அட்டையில் வேறு பெயர் என்று ஆனால், பிறகு திருத்த அலைய வேண்டியதுதான். கையெழுத்துப் போடும் முன் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். அங்கே பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்துக்கொள்வதால், கணவன் மனைவி இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர் என்றால்தான் அங்கே விசித்திரம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் ஆளுக்கொரு கடைசிப் பெயர் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த ஒரு இடத்திலாவது விளக்கம் சொல்லும் வேலை மிச்சம்!

வீட்டு விஷயத்துக்கு வருவோம். ஆகஸ்டில் வெயிலைப் பார்த்து மயங்கி வீடு பிடிக்காதீர்கள். பளிங்குத் தரையும் ஒற்றைக் கண்ணாடி ஜன்னலுமாக உள்ள கடற்கரை வீட்டில் ஹீட்டிங்கே இருக்காது; ஜனவரியில் வெளியில் இருப்பதைவிட உள்ளேதான் குளிரும், சுவரில் பூஞ்சை பிடிக்கும். பதினொரு மாத 'சீசன்' ஒப்பந்தத்தை நீட்டினால் யோசியுங்கள். நிரந்தரமாகக் குடியிருக்க எடுக்கும் வீட்டில், உரிமையாளர் தனிநபர் என்றால் ஐந்து வருடம் வரை இருக்கச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. சீசன் ஒப்பந்தத்தில் அது இல்லை. எடுத்த எடுப்பிலேயே வீடு வாங்குவது அதைவிட மோசம். அல்மேரியா மாகாணத்து வேரா ஊரில் ஒரு பிரிட்டிஷ் தம்பதி நகராட்சி அனுமதியோடு கட்டிய வீட்டை, அனுமதியே செல்லாது என்று 2008 ஜனவரியில் இடித்துத் தள்ளினார்கள். நிலத்தின் வகைப்பாட்டைச் சொந்த வக்கீலை வைத்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. விற்பவர் கைகாட்டும் வக்கீல் வேண்டாம்.

வாடகை ஒப்பந்தம் கைக்கு வந்ததும் நகராட்சிக்குப் போய் 'பத்ரோன்' எனும் குடியிருப்புப் பதிவேட்டில் பெயர் சேர்க்க வேண்டும். இதில் பெயர் சேர்ந்தால்தான் மற்ற காரியங்கள் நகரும். அரசுப் பள்ளியில் இடம் கிடைக்க முகவரிக்குப் புள்ளிகள் உண்டு. அந்த முகவரிக்குச் சாட்சி இதுதான். பள்ளி விண்ணப்பம் வசந்த காலத்திலேயே முடிந்துவிடும் என்பதையும் யாரும் சொல்லித் தருவதில்லை. பேரப்பிள்ளை பிரிட்டனில் படிக்கும் தாத்தாவுக்கு அது எப்படித் தெரியும்? செப்டம்பரில் போய் நின்றால் இடம் மிச்சமிருக்கிற பள்ளியில்தான் சேர்ப்பார்கள்.

வகுப்புக் கணக்கும் வேறு. இங்கிலாந்தில் செப்டம்பர் முதல் ஆகஸ்ட் வரை பிறந்தவர்கள் ஒரு வகுப்பு. ஸ்பெயினில் ஜனவரி முதல் டிசம்பர் வரை. அக்டோபரில் பிறந்த பிள்ளை இங்கிலாந்து வகுப்பில் மூத்தவர்களில் ஒருத்தி, ஸ்பெயினில் கடைக்குட்டி. புரியாத மொழி, தன்னைவிடப் பெரிய பிள்ளைகள் என்று இரண்டும் ஒன்றாகச் சேரும்போது முதல் சில மாதம் வாயே திறக்காமல் இருக்கலாம். பெற்றோர் பயந்துபோய் சர்வதேசப் பள்ளிக்கு மாற்றிவிடுகிறார்கள். ஆறேழு வயதுப் பிள்ளைக்கு அது அவசரம் என்பது என் எண்ணம். பதினான்கு வயதுப் பிள்ளை என்றால் கதை வேறு. அந்த வயதில் புது மொழியில் வேதியியல் படிக்கச் சொல்வது அநியாயம். ஆலிகாண்டே, வலென்சியா பக்கம் ஸ்பானிஷோடு வலென்சியன் மொழியும் பாடத்தில் வரும். ஸ்பானிஷ் மட்டும் கற்றுக்கொண்டு போகிறவர்கள், வீட்டுப்பாட நோட்டைத் திறந்து திகைப்பது அதனால்தான்.

கோடை விடுமுறையைக் கணக்கில் எடுக்காமல் வேலை ஒப்புக்கொள்வது இன்னொன்று. இங்கிலாந்தில் ஆறு வாரம். ஸ்பெயினில் ஜூன் பிற்பகுதியில் மூடினால் செப்டம்பர் இரண்டாம் வாரத்தை ஒட்டித்தான் திறப்பார்கள். உள்ளூர்க் குடும்பங்களுக்குத் தாத்தா பாட்டி இருக்கிறார்கள். உங்களவர்கள் லீட்ஸில் இருப்பார்கள், அவர்களுக்கும் அதே 90 நாள்தான். கோடை முகாமுக்கான பணத்தை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.

மருத்துவத்தில் பென்ஷன்காரருக்கும் உங்களுக்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அவருக்கு எஸ்1 படிவம் உண்டு, செலவைப் பிரிட்டன் ஏற்கிறது. உங்களுக்கு அது கிடையாது. பிரிட்டன் தரும் ஜிஹெச்ஐசி மருத்துவ அட்டை சுற்றுலா போகிறவருக்கானது. விசாவுக்குத் தனியார் காப்பீடு கேட்பார்கள். வேலையில் சேர்ந்து சமூகப் பாதுகாப்பு நிதிக்குப் பணம் கட்டத் தொடங்கினால் அரசு மருத்துவமனை திறந்துவிடும். பிள்ளையின் தடுப்பூசிகள் பதிந்த சிவப்புப் புத்தகத்தைப் பெட்டியில் போடாமல் கையில் எடுத்துச் செல்லுங்கள்.

வரியில்தான் பெரிய அடி விழும். ஒரு காலண்டர் வருடத்தில் 183 நாளுக்கு மேல் ஸ்பெயினில் இருந்தால் உலகில் எங்கே வந்த வருமானத்துக்கும் அங்கே கணக்குக் காட்ட வேண்டும். பிரிட்டன் போல வருடத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் அங்கே இல்லை. மார்ச்சில் குடிபோய், பழைய வீட்டை ஜூனில் விற்றால் அந்த லாபத்துக்கு ஸ்பெயின் வரி கேட்கலாம். புறப்படும் முன் விற்றிருந்தால், அதுவும் முந்தின வருடமே விற்றிருந்தால், இந்தத் தலைவலி இல்லை. பிரிட்டனில் வரியில்லாத ஐஎஸ்ஏ சேமிப்புக்கு ஸ்பெயினில் விலக்குக் கிடையாது. வெளிநாட்டு வங்கி இருப்பு, முதலீடு, சொத்து ஆகிய மூன்றில் எந்த வகையாவது 50,000 யூரோவைத் தாண்டினால் மார்ச் 31-க்குள் 720 படிவம் தாக்கல் செய்ய வேண்டும். சம்பளக்காரர்களுக்கு ஒரு சலுகையும் இருக்கிறது: ரியல் மாட்ரிட்டுக்கு ஆட வந்த டேவிட் பெக்காமின் பெயரால் வழங்கும் சட்டம். தகுதி உள்ளவர் சம்பளத்தில் ஆறு லட்சம் யூரோ வரை 24 சதவீதம் கட்டினால் போதும். ஆனால் சமூகப் பாதுகாப்பில் பதிந்த ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வீடு தேடி, பள்ளி தேடி அலைவதில் அந்த ஆறு மாதம் ஓடிவிடுகிறது.

வண்டி ஓட்டும் உரிமத்துக்கும் ஆறு மாதம்தான் கெடு. பிரிட்டனும் ஸ்பெயினும் செய்துகொண்ட 2023 மார்ச் ஒப்பந்தத்தால் தேர்வு எழுதாமல் மாற்றிக்கொள்ளலாம்.

பிரிட்டன் பக்கத்துக் கதவைச் சாத்தாமல் போவதும் தவறுதான். வருமான வரித் துறைக்கு, நாட்டைவிட்டுப் போவதைத் தெரிவிக்கும் பி85 படிவம், மாணவர் கடன் இருந்தால் அந்த நிறுவனத்துக்குத் தகவல், குழந்தைக்கான உதவித்தொகையை நிறுத்தச் சொல்லி ஒரு கடிதம். சொல்லாமல் வாங்கிய உதவித்தொகையைத் திருப்பிக் கேட்பார்கள். பிள்ளைகள் படிக்க இங்கிலாந்துக்கே திரும்புவார்கள் என்றால் இதையும் கவனியுங்கள்: உள்நாட்டு மாணவர் கட்டணத்துக்குப் பாஸ்போர்ட் மட்டும் போதாது, படிப்புத் தொடங்கும் முன் பொதுவாக மூன்று வருடம் பிரிட்டனில் வசித்திருக்க வேண்டும். மூத்தவளுக்குப் பதினான்கு வயது ஆகும்போதே அந்தப் பேச்சை வீட்டில் எடுத்துவிடுங்கள்.