லா ஸ்கூல் போகணும்னா காலேஜில் என்ன படிக்கலாம்? அமெரிக்காவில் ஜே.டி. கனவோடு இருப்பவர்களுக்கு

அமெரிக்காவில் வளரும் நம் பிள்ளைகளில் யாராவது "நான் வக்கீலாகப் போறேன்" என்று சொன்னால், வீட்டில் கிளம்பும் முதல் கேள்வி, "அதுக்கு எந்த மேஜர் (முதன்மைப் பாடம்) எடுக்கணும்?" என்பதுதான். இந்தியாவில் பிளஸ் டூ முடித்த கையோடு ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேர்ந்துவிடலாம் என்பதால் பெற்றோருக்கு இங்குள்ள முறை சட்டென்று பிடிபடுவதில்லை. இங்கே வழக்கமாக முதலில் நான்காண்டு இளநிலைப் பட்டம், அப்புறம்தான் ஜே.டி. என்ற மூன்றாண்டுச் சட்டப் பட்டம். அதாவது சட்டத்துக்கு முன்னால் வேறு எதையாவது நான்கு வருடம் படித்தாக வேண்டும். அந்த 'வேறு எதையாவது' என்பதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

படி 1: 'ப்ரீ-லா' மேஜரைத் தேடி அலையாதீர்கள்

மருத்துவம் படிக்க நினைப்பவர்கள் உயிரியல், வேதியியல் என்று சில பாடங்களைக் கட்டாயம் முடித்திருக்க வேண்டும். லா ஸ்கூலுக்கு அப்படி ஒரு பட்டியலே கிடையாது. அங்கீகாரம் வழங்கும் அமெரிக்கன் பார் அசோசியேஷன் எந்தக் குறிப்பிட்ட மேஜரையும் பரிந்துரைப்பதில்லை. பல கல்லூரிகளில் 'ப்ரீ-லா' என்பது ஆலோசனை சொல்லும் ஓர் அலுவலகம் மட்டுமே. முதல் வருடமே அங்கே ஒருமுறை போய்ப் பேசிவிட்டு வாருங்கள், பயன் உண்டு.

விண்ணப்பிப்பவர்களில் அரசியல் அறிவியல் படித்தவர்களே அதிகம். அதற்காக அது ஒன்றுதான் வழி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதிகளில் சோனியா சோட்டோமாயரும் எலெனா கேகனும் பிரின்ஸ்டனில் வரலாறு படித்தவர்கள். கிளாரன்ஸ் தாமஸ் படித்தது ஆங்கில இலக்கியம். கமலா ஹாரிஸ் ஹவர்டு பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியலும் பொருளாதாரமும் படித்துவிட்டுத்தான் சட்டத்துக்குப் போனார்.

படி 2: பாடத்திட்டத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள்

மேஜரின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். மனதில் இருக்கும் இரண்டு மூன்று துறைகளின் மூன்றாம் வருடப் பாடங்களுக்கான சிலபஸை இணையத்தில் தேடி எடுங்கள். வாரத்துக்கு எத்தனை பக்கம் வாசிக்கச் சொல்கிறார்கள்? ஒரு செமஸ்டரில் எத்தனை கட்டுரை எழுத வேண்டும்? எழுதியதைப் பேராசிரியர் திருத்திக் கொடுத்து மறுபடி எழுதச் சொல்கிறாரா? இந்த மூன்றுக்கும் நல்ல பதில் கிடைக்கிற துறை எதுவானாலும் அது லா ஸ்கூலுக்கு ஏற்றதுதான்.

நுழைவுத் தேர்வான எல்சாட்டைப் பார்த்தால் இதன் காரணம் புரியும். 2024 ஆகஸ்ட் முதல் 'லாஜிக் கேம்ஸ்' என்ற புதிர்ப் பகுதியை எடுத்துவிட்டார்கள். இப்போது மதிப்பெண்ணுக்கு உரிய பகுதிகள் மூன்று. அவற்றில் இரண்டு வாதங்களை அலசுவது, ஒன்று வாசித்துப் புரிந்துகொள்வது. கேள்வி எப்படி இருக்கும் என்பதற்கு நானே எழுதிய ஒரு சிறு மாதிரி:

"ஒரு நகரத்தில் பஸ் கட்டணத்தைக் குறைத்தார்கள். அடுத்த ஆறு மாதத்தில் பயணிகள் கூடினார்கள். ஆகவே கட்டணக் குறைப்பால்தான் பயணிகள் கூடினார்கள்."

இந்த வாதத்தை எது பலவீனமாக்கும்? அதே ஆறு மாதத்தில் பெட்ரோல் விலை ஏறியிருந்தால்? புதிதாக ஒரு பஸ் தடம் திறந்திருந்தால்? 'ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததாலேயே முதலாவது இரண்டாவதற்குக் காரணமாகிவிடாது' என்பதை அரை நிமிடத்தில் பிடிக்கும் கண் வேண்டும். தத்துவ வகுப்பில் வாரா வாரம் நடப்பது இதுதான். "தத்துவம் படிச்சு என்ன பண்ணப் போற?" என்று கேட்கிற பெற்றோரிடம் நான் தைரியமாகச் சொல்வேன்: லா ஸ்கூல் போகிற பிள்ளைக்கு அதைவிட நல்ல பயிற்சி அரிது. முழு மேஜராக எடுக்காவிட்டாலும், தர்க்கம் பற்றிய ஒரு பாடத்தையாவது எடுத்துவிடுங்கள்.

இன்ஜினியரிங் படிப்பவர்கள்? அதில் நிஜமாகவே ஆர்வம் இருந்தால் விடாதீர்கள். காப்புரிமை (பேட்டன்ட்) வழக்கறிஞராக அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்ய ஒரு தனித் தேர்வு உண்டு. அதை எழுத அறிவியல் அல்லது பொறியியல் பின்புலம் தேவை. வரலாறு மட்டும் படித்தவருக்கு அந்தக் கதவு திறக்காது. ஆனால் 'கஷ்டமான மேஜர், அதனால் கிரேடு குறைந்தாலும் மன்னிப்பார்கள்' என்று நம்பி இறங்காதீர்கள். ஒவ்வொரு லா ஸ்கூலும் தன் மாணவர்களின் ஜி.பி.ஏ. (கல்லூரி கிரேடுகளின் சராசரி), எல்சாட் மதிப்பெண் இரண்டின் நடுநிலை எண்களை (மீடியன்) ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். தங்கள் எண் குறைவதை எந்தப் பள்ளியும் விரும்பாது.

படி 3: முதல் செமஸ்டரிலிருந்தே கிரேடைக் காப்பாற்றுங்கள்

எனக்கு மிகவும் வருத்தம் தருகிற இடம் இது. நல்ல பிள்ளைகள் விவரம் தெரியாமல் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

லா ஸ்கூல்கள் பார்ப்பது உங்கள் கல்லூரி போட்டுக் கொடுத்த ஜி.பி.ஏ.வை மட்டுமல்ல. எல்சாட் தேர்வை நடத்தும் எல்சாக் என்ற அமைப்பு உங்கள் டிரான்ஸ்கிரிப்ட்களை (மதிப்பெண் பட்டியல்களை) வாங்கித் தன் முறையில் மறுபடி கணக்குப் போடுகிறது. உதாரணம் பாருங்கள். முதல் வருடம் 4 கிரெடிட் வேதியியலில் எஃப் வாங்கிவிட்டீர்கள். அடுத்த வருடம் அதே பாடத்தைத் திரும்ப எடுத்து ஏ வாங்கினீர்கள். மீதி 116 கிரெடிட்டிலும் ஏ. பழைய கிரேடை அழித்துவிடும் கல்லூரி என்றால் அங்கே உங்கள் ஜி.பி.ஏ. 4.0. ஆனால் டிரான்ஸ்கிரிப்ட்டில் பழைய எஃப் தெரிகிறவரை எல்சாக் இரண்டையும் சேர்க்கும். கிரெடிட்டுக்கு ஏ என்றால் 4 புள்ளி, எஃப் என்றால் 0. ஆக 480 புள்ளியை 124 கிரெடிட்டால் வகுத்தால் 3.87 தான் வரும். ஒரே ஒரு பாடத்துக்கு இவ்வளவு சரிவு.

அதேபோல, உயர்நிலைப் பள்ளியில் இருக்கும்போதே கம்யூனிட்டி காலேஜில் எடுத்த பாடங்களும் இந்தக் கணக்கில் வரும். பதினாறு வயதில் விளையாட்டாக வாங்கிய ஒரு சி, ஆறு வருடம் கழித்து எதிரே வந்து நிற்கும். முதல் பட்டம் வாங்கிய பிறகு எடுக்கும் பாடங்கள் சேராது என்பதால் மாஸ்டர்ஸ் படித்து இதைச் சரிசெய்யவும் முடியாது. நல்ல செய்தியும் உண்டு: ஏ பிளஸுக்கு எல்சாக் 4.33 கொடுக்கிறது.

ஆகவே முதல் செமஸ்டரில் பாரத்தைக் குறைவாக எடுங்கள். ஒரு பாடம் கைமீறிப் போகிறது என்று தெரிந்தால், கடைசித் தேதிக்குள் விலகிவிடுவதே மேல். விலகியதைக் காட்டும் வெறும் டபிள்யூ பொதுவாகக் கணக்கில் வராது, எஃப் வரும். முடிவெடுக்கும் முன் உங்கள் கல்லூரி விதியையும், விலகினால் உதவித்தொகை பாதிக்குமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: இரண்டு பேராசிரியர்களுக்காவது உங்களைத் தெரிய வேண்டும்

பொதுவாக இரண்டு பரிந்துரைக் கடிதங்கள் தேவைப்படும். முந்நூறு பேர் உட்காரும் வகுப்பில் ஏ வாங்கினாலும், உங்கள் முகம் தெரியாதவர் என்ன எழுதுவார்? இரண்டாம், மூன்றாம் வருடங்களில் இருபது பேருக்குள் உள்ள செமினார் வகுப்புகளாகப் பார்த்து எடுங்கள். பேராசிரியர் மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கும் ஆபீஸ் அவர்ஸுக்குப் போங்கள். "மார்க் ஏன் குறைஞ்சது?" என்று கேட்பதைவிட, "என் கட்டுரையில் இந்த இரண்டாவது வாதம் ஏன் நிற்கவில்லை?" என்று கேளுங்கள். அந்த மாதிரி நாலு முறை பேசியவரைப் பற்றித்தான் பேராசிரியரால் இரண்டு பக்கம் மனதார எழுத முடியும்.

படி 5: காலக்கணக்கு

படிப்பை முடித்த கையோடு சேர வேண்டும் என்றால், மூன்றாம் வருட முடிவுக்குள் எல்சாட் தயாரிப்பு தொடங்கியிருக்க வேண்டும். மதிப்பெண் 120 முதல் 180 வரை. வாழ்நாளில் மொத்தம் ஏழு முறைதான் எழுதலாம், அதனால் 'சும்மா ஒருமுறை எழுதிப் பார்ப்போம்' என்று போகாதீர்கள். விண்ணப்பங்கள் செப்டம்பர் வாக்கில் திறக்கும். பல இடங்களில் விண்ணப்பம் வந்து சேரும் வரிசையிலேயே முடிவு சொல்லிக்கொண்டே போவார்கள் என்பதால் முன்கூட்டியே அனுப்புவது நல்லது. ஒன்றிரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போவதும் சகஜம். அவசரம் ஒன்றுமில்லை.

இந்தியாவில் இளநிலை முடித்துவிட்டு ஜே.டி.க்கு வர நினைப்பவர்களுக்கு மேலே சொன்ன ஜி.பி.ஏ. கணக்கு பொருந்தாது. எல்சாக் எண் போடாமல், 'மிகச் சிறப்பு', 'சராசரிக்கு மேல்' என்கிற மாதிரி ஒரு தரநிலை மட்டும் தரும். அப்போது விண்ணப்பத்தில் இருக்கிற பெரிய எண் எல்சாட் மதிப்பெண்தான். அதற்கு ஒரு வருடம் ஒதுக்கினாலும் தகும்.