கீசர் தொட்டியைக் காக்கும் மெக்னீசியத் தண்டு

ஆழ்துளைக் கிணற்று உப்புநீரைப் பயன்படுத்தும் வேலூர் வீடுகளில், தொட்டியுள்ள கீசரின் மெக்னீசியத் தண்டை ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிப் பார்த்து, பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். மின்சாரத்தை நிறுத்தி, நீர் ஆறிய பிறகு, தொட்டியின் அடியில் தங்கிய சுண்ணாம்புப் படிவையும் அப்போதே வடித்துவிடலாம். இரும்பைவிட மெக்னீசியம் எளிதில் அரிபடுவதால், தொட்டிக்கு வர வேண்டிய அரிப்பை இந்தத் தண்டே ஏற்றுக்கொள்கிறது. தண்டு தீர்ந்துவிட்டால் அடுத்து அரிபடுவது தொட்டிதான். சூடு கூடக் கூடச் சுண்ணாம்பு அதிகமாகப் படியும் என்பதால், வெப்ப அளவை 60 டிகிரிக்கு மேல் ஏற்ற வேண்டாம் (நம் ஊர் வெயிலில் அதற்குத் தேவையும் இல்லை). தண்டே இல்லாத உடனடி கீசர்களுக்கு இது பொருந்தாது. உத்தரவாதக் காலம் முடியாத கீசரை நிறுவனத்தின் பணியாளரைக் கொண்டே திறக்க வேண்டும்.