கைவீச்சை எண்ணி நீந்துங்கள்: பிரீஸ்டைல் பழகுவோருக்கு

வாவிக்கும் கடலுக்கும் நடுவே வளர்ந்த மட்டக்களப்புப் பிள்ளைகளுக்கு நீச்சல் புதிதல்ல. ஆனால் தடாகத்தில் இறங்கி 25 மீற்றரை பிரீஸ்டைலில், அதாவது குப்புறக் கிடந்து கைகளை மாறி மாறி முன்னே வீசி, கடக்கச் சொன்னால், பலருக்குப் பாதி வழியிலேயே மூச்சு முட்டுகிறது. உடனே உடலில் பலம் போதவில்லை என்று எண்ணி இன்னும் வேகமாகக் கையை அடிக்கிறார்கள். அடிக்க அடிக்கக் களைப்புத்தான் மிஞ்சும். என்னிடம் பழக வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: ஒரு நீளத்துக்கு, அதாவது அந்த 25 மீற்றருக்கு, எத்தனை தடவை கை வீசினீர்கள்? இதுவரை ஒருவரும் உடனே பதில் சொன்னதில்லை.

எண்ணத் தொடங்குங்கள்

ஒரு கை தண்ணீருக்குள் நுழைந்தால் ஒன்று. வலது ஒன்று, இடது இரண்டு, மறுபடி வலது மூன்று. கடிகாரம் எண்ணித் தருகிறதே என்பவர்கள் கவனிக்க வேண்டும்: பல கடிகாரங்கள் கட்டிய கையை மட்டுமே கணக்கெடுக்கும். அந்த எண்ணை இரண்டால் பெருக்குங்கள்.

ஒவ்வொரு முறையும் சுவரை ஒரே அளவு பலத்துடன் உதைத்துப் புறப்படுங்கள். ஒரு நாள் ஓங்கி உதைத்து இரண்டு வீச்சுக் குறைந்தால், அது காலின் வேலை, கை திருந்தியதாகாது.

முதல் நாள் 25 மீற்றரை நான்கு தடவை நீந்துங்கள், இடையில் அரை நிமிட ஓய்வு. கரையில் ஒரு கொப்பி வைத்து எண்ணை எழுதுங்கள். 24, 26, 28, 29 என்று ஏறிக்கொண்டே போகலாம். களைத்த கை நீரைப் பிடிக்காமல் வழுக்குகிறது என்பதையே அந்த ஏற்றம் காட்டுகிறது. பழகத் தொடங்கியவர்களுக்கு 25 முதல் 30 வரை வருவது வழமை. நுட்பம் கைவந்த வளர்ந்தவர்கள் பலர் இருபதுக்குள் முடிப்பார்கள். உயரமும் கை நீளமும் ஆளுக்கு ஆள் வேறு என்பதால் பக்கத்தில் நீந்துபவரின் எண்ணைப் பார்க்க வேண்டாம். உங்கள் நேற்றைய எண்ணே உங்களுக்கு அளவுகோல்.

வீச்சு எங்கே வீணாகிறது?

பெரும்பாலும் மூச்செடுக்கும் இடத்தில்தான். என் தம்பியின் மகள் முதலில் 31 வீச்சில் வந்தாள். பக்கத்தில் நின்று பார்த்தேன். மூச்சுக்காக அவள் நெற்றியை முன்னால் தூக்கிய ஒவ்வொரு முறையும் இடுப்பு தாழ்ந்தது, கால்கள் கத்தரிக்கோல்போல அகன்றன, நீட்டியிருந்த கை நீரை வெறுமனே கீழ்நோக்கி அழுத்தியது. அந்த ஒரு வீச்சில் அவள் ஒரு சாண்கூட நகரவில்லை. “தலையைத் தூக்காதே, தோளோடு சேர்த்துத் திருப்பு. நீச்சல் கண்ணாடியின் ஒரு பக்கம் தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும்” என்றேன். “பெரியப்பா, காற்றுக் கிடைக்காதே!” என்றாள். காற்றை நீருக்குள்ளேயே மூக்கால் விட்டுவிட்டால், திரும்பும்போது உள்ளிழுப்பது மட்டும்தான் மிச்சம். அடுத்த சுற்று 28. சுவரைப் பிடித்துக்கொண்டு மூன்று விரல்களைக் காட்டினாள்.

அடுத்தது கை. விடியற்காலையில் கல்லடிப் பாலத்தருகே நின்றால், வாவியில் கோல் ஊன்றித் தோணி தள்ளுகிறவர்களைக் காணலாம். சேற்றில் ஊன்றிய கோல் அங்கேயே நிற்கும், தோணிதான் அதைக் கடந்து போகும். உங்கள் கையும் அப்படி நீரில் ஊன்ற வேண்டும். தோளுக்கு நேரே விரல் நுனி முதலில் நுழையட்டும். கையை முன்னே நீட்டி, விரல்களைக் கீழ்நோக்கித் திருப்புங்கள். முழங்கை உயரத்திலேயே இருக்க, உள்ளங்கையும் முன்கையும் சேர்ந்து ஒரே பலகையாகப் பின்னோக்கித் தள்ள வேண்டும். பெருவிரல் தொடையை உரசிய பிறகே கை வெளியே வரலாம். இடுப்போடு கையை எடுத்துவிடுகிறவர்கள் ஒவ்வொரு வீச்சிலும் கடைசித் தள்ளலை இழக்கிறார்கள்.

இதை உணர, ஒரு நீளத்தைக் கைமுட்டி மடக்கி நீந்துங்கள். எண் ஏறும், பரவாயில்லை. அடுத்த நீளத்தில் விரல்களை விரித்தவுடன் தண்ணீர் கனமாகத் தெரியும். அதுதான் பிடி.

காலைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன்: இடுப்பிலிருந்து சிறிதாக உதையுங்கள், போதும்.

குறைப்பதிலும் ஓர் எல்லை உண்டு

எண்ணைக் குறைக்கும் ஆசையில் ஒவ்வொரு வீச்சுக்குப் பின்னும் கையை நீட்டியபடி சறுக்கிக்கொண்டே இருக்காதீர்கள். நீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. தள்ளுவதை நிறுத்திய மறுகணமே வேகத்தை அது தின்றுவிடும். இழந்த வேகத்தை மீட்க அடுத்த கை இரட்டிப்பாக உழைக்க வேண்டும். ஆகவே நேரத்தையும் பாருங்கள். வீச்சையும் செக்கனையும் கூட்டுங்கள். 26 வீச்சு, 35 செக்கன் என்றால் 61. வீச்சு 22 ஆகி நேரம் 42 செக்கனானால் 64. அது முன்னேற்றமல்ல.

1992 பார்சலோனா, 1996 அட்லாண்டா ஒலிம்பிக் போட்டிகள் இரண்டிலும் 50, 100 மீற்றர் பிரீஸ்டைல் தங்கங்களை வென்ற அலெக்சாண்டர் போபோவ் நீண்ட, அமைதியான வீச்சுக்காரர். 1988 சியோல் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்ற ஜனட் எவான்ஸோ உயரம் குறைந்தவர், காற்றாடிபோல வேகமாகக் கை வீசியவர். தமக்குப் பொருந்திய எண்ணை இருவரும் கண்டுகொண்டார்கள்.

வாரம் மூன்று நாள், எட்டு நீளம் வீதம் நீந்துங்கள். வழமையான எண்ணைவிட இரண்டு கூடிவிட்டால் நின்று இளைப்பாறுங்கள். பிழையான வீச்சையே திரும்பத் திரும்ப வீசினால் உடல் அதையே பழகிக்கொள்ளும்.

தடாகம் இல்லாதவர்களுக்கு

கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் பாசிக்குடா நல்ல இடம், வெகுதூரம் வரை ஆழம் குறைவு. மணலில் 25 மீற்றர் அளந்து இரண்டு தடிகளை நடுங்கள். இடுப்பளவு நீரில், கரைக்குச் சமாந்தரமாக நீந்துங்கள். முடிவிடத்தில் ஒருவர் நீரில் நிற்கட்டும், அவர் கையைத் தொட்டதும் எண்ணுவதை நிறுத்துங்கள். நீரோட்டம் ஒரு பக்கம் இழுக்கும் என்பதால் போகும்போதும் வரும்போதும் எண்ணி, இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள். உப்புநீர் உடலை உயர்த்தும், உதைக்கச் சுவரும் இல்லை. எனவே கடல் கணக்கைக் கொப்பியில் தனிப் பக்கத்தில் எழுதுங்கள்.

தனியாக இறங்க வேண்டாம். வாவியில் இந்தப் பயிற்சியே வேண்டாம், முதலைகள் உண்டு. வடகீழ்ப் பருவமழை தொடங்கிக் கடல் பொங்கும் மாதங்களில் கொப்பியை மூடிவைத்து, மழை ஓய்ந்து நீர் தெளிந்த பிறகு மறுபடி நான்கு நீளத்திலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.